ஒரு ஸ்பூன் தண்ணீர்

முதல் தடவை நான் தோற்றது சுவைத் தேர்வில் மட்டும்தான். எழுத்துத் தேர்வுகள் எல்லாவற்றிலும் தேறியிருந்தேன். எந்த நாட்டில் எந்த மலைச்சரிவில் என்ன திராட்சை விளைகிறது, எப்போது பறிக்கிறார்கள், எந்த மரப் பீப்பாயில் எத்தனை மாதம் வைக்கிறார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பெயர் சொல்லாமல் கிளாஸில் ஊற்றி வைத்த ஒயினை வாயில் வைத்துப் பார்த்து, அது இன்னதென்று எழுதுகிற தேர்வில் கோட்டை விட்டுவிட்டேன். நாக்கை நம்பிப் பிழைப்பவளுக்கு இது எவ்வளவு பெரிய கேவலம் என்று சொல்லத் தேவையில்லை.

நகரத்துக்குள் இருக்கும் ஒரு பெரிய ஹோட்டலின் உணவகத்தில் வேலை செய்கிறேன். வருகிறவர்களுக்கு ஒயின் ஊற்றிக் கொடுப்பதும், எந்தச் சாப்பாட்டோடு எது பொருந்தும் என்று சொல்வதும் என் வேலையில் பாதி. வீடு பருத்திப்பட்டில். ஷேர் ஆட்டோவில் ஆவடி ஸ்டேஷன், அங்கிருந்து எலெக்ட்ரிக் டிரெயின். பன்னிரண்டு வருஷமாக இதே ஓட்டம். ஹோட்டலில் ஒயினுக்கென்று தனியாக ஒரு பொறுப்பாளரை நியமிக்கப் போவதாக முடிவானபோது, மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, வெளிநாட்டு அமைப்பு ஒன்று நடத்தும் ஒயின் டிப்ளமாவை முடித்துவிட்டால் இடம் எனக்குத்தான் என்றார். முடிக்காவிட்டால் மும்பையிலிருந்து ஆள் வரும். வருகிறவன் எனக்கு மேலே உட்காருவான், நான் அவனுக்குப் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் தடவை தவறிய பிறகு, "இன்னும் ஒரு அட்டெம்ப்ட் வரைக்கும் பார்க்கறேம்மா, அதுக்கு மேல என் கையில இல்ல" என்று அவரும் சொல்லிவிட்டார்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணி கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். காலரில் ஒரு நூல் பிசிறு இருந்தாலும் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுகிற ஆள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவாள், புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கும் போவாள். அப்பா லாரி ஓட்டினார். குடித்தார். நான் பிளஸ் ஒன் படிக்கும்போது ஈரல் கெட்டுச் செத்துப்போனார். இந்த வீட்டிலிருந்து ஒருத்தி ஒயின் படிக்கப் போகிறாள் என்றால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சுவைத் தேர்வுக்குப் படிக்க ஒரு ஆள் துணை வேண்டும். எந்த பாட்டிலிலிருந்து ஊற்றியது என்று தெரிந்துவிட்டால், நாக்கு லேபிளைப் படித்துவிட்டுத்தான் பேசும். அதனால் வேறொருவர் மறைவாக ஊற்றி வைக்க வேண்டும். என்னோடு இந்த டிப்ளமா படித்த ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், இறக்குமதி ஒயின் விற்கும் கம்பெனியில் வேலை, அம்பத்தூரில் ஃபிளாட். நாங்கள் ஒரு பாட்டிலைப் பிரித்து, ஆளுக்கு நூறு மில்லி சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துக்கொள்வோம். அவருக்கு ஊற்றிக் கொடுக்க மனைவி இருந்தார். எனக்கு அம்மாதான் இருந்தாள்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவே இல்லை.

"ஊத்தி வெக்கிறேன். ஆனா மீதிய நான் சிங்க்குல கொட்டிடுவேன். ஊத்துன மீதி இந்த ஊட்ல ஒரு ராத்திரி தங்கக்கூடாது."

"சரிம்மா."

"சர்ச்சுல யாராவது கேட்டா பொய் சொல்ல மாட்டேன். கேக்காத வரிக்கும் சொல்லவும் மாட்டேன்."

இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. காலை பத்து மணி, தாளிப்பு வாசனை வீட்டில் கிளம்புவதற்கு முன்னால். நான் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா ஆறு கிளாஸ் வரிசையாக வைத்து, டானிக் பாட்டிலின் அளவு மூடியால் அளந்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது மில்லி ஊற்றுவாள். பத்தாவது வரை படித்தவள். புட்டியில் ஒட்டியிருக்கும் பிரெஞ்சுப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து ஒரு தாளில் எழுதி, மடித்து வைத்துக்கொள்வாள். அப்புறம் "வாடி" என்று கூப்பிடுவாள். நான் வந்து முகர்ந்து, வாயில் வைத்து, காற்றை உள்ளே இழுத்துக் கொப்பளித்து, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மக்கில் துப்பிவிட்டு எழுத வேண்டும். அம்மா எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவாள். அவள் கண் பீன்ஸில் இருக்காது, என் தொண்டையில் இருக்கும்.

"முழுங்கினியா?"

"இல்லம்மா."

"தொண்டை அசைஞ்சுதே."

"எச்சில்மா அது. என்னை எழுத விடறியா?"

ஒவ்வொரு செவ்வாயும் இந்தப் பேச்சு உண்டு. ஒருநாள் இந்த நேரம் பார்த்து சர்ச்சிலிருந்து இரண்டு அக்காமார் வந்துவிட்டார்கள். மேசையில் ஆறு கிளாஸ், மூன்று சிவப்பு, மூன்று வெளுப்பு. அம்மா பதறவில்லை. "அவ மேல்படிப்புக்கு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அவர்களைச் சமையலறைக்கு அழைத்துப் போய்விட்டாள். அவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்களோ, அடுத்த ஞாயிறு ஆராதனையில் என் மேல்படிப்புத் தேர்வுக்காக மொத்தச் சபையும் எழுந்து நின்று ஜெபித்தது. ஒயினில் தேறுவதற்காக இத்தனை பேரை நிற்க வைத்துவிட்டோமே என்று நெளிந்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

தேர்வில் வாசனையைப் போலவே முக்கியமானது அளவு. புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு, வாயில் எவ்வளவு கனம், தொண்டையில் ஆல்கஹாலின் சூடு எவ்வளவு. ஒவ்வொன்றும் குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று எழுத வேண்டும். ஆல்கஹால் பதினாலு சதவீதத்தைத் தொட்டால் 'அதிகம்'. பன்னிரண்டரை, பதின்மூன்று என்றால் 'நடுத்தரம்'. இதைக் கருவி வைத்து அளக்க முடியாது, தொண்டைக்குப் பழக்க வேண்டும். நான் எழுதி முடித்ததும் அம்மா மடித்த தாளைக் கொடுப்பாள். எந்த கிளாஸ் எது என்று பார்த்து, புத்தகத்தில் அதன் அளவைப் பார்த்து, ஓ, இந்தச் சூடுதான் பதினாலரை, இந்தச் சூடுதான் பதின்மூன்று என்று மனதில் குறித்துக்கொள்வேன். ஆறு மாதம் இப்படிப் பழகினேன். வர வர என் பதில்கள் சரியாக வந்தன. தலையில் கொஞ்சம் கனம்கூட ஏறியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பெங்களூரில் அந்த முதல் தடவைத் தேர்வு. முதல் கிளாஸை வாயில் வைத்ததுமே சூடு ஏறியது. 'அதிகம்' என்று எழுதினேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது இன்னும் மோசம். எல்லாமே கனமாக, காரமாக, வெயிலில் வெந்த ஊர்களிலிருந்து வந்தவை போலத் தெரிந்தன. நாக்கு சொல்வதை நம்ப வேண்டும் என்றுதானே படித்திருக்கிறோம், நம்பினேன். குளிர்ந்த ஊர் ஒயின்களை எல்லாம் ஆஸ்திரேலியாவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் அனுப்பி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

முடிவோடு ஒரு குறிப்பும் வந்தது. வாசனைகளைச் சரியாக அடையாளம் காண்கிறார், ஆனால் ஆல்கஹால், கனம், துவர்ப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து மிகையாக மதிப்பிடுகிறார், அதனால் முடிவுகள் தவறாகின்றன என்று. தொடர்ந்து என்ற சொல்தான் என்னைக் குடைந்தது. ஒன்றிரண்டு தவறினால் பதற்றம் எனலாம். எல்லாமே ஒரே பக்கமாகத் தவறினால் அது நாக்கின் கோளாறு. கோயம்புத்தூர்க்காரர் அந்தத் தடவையே பாஸ் செய்துவிட்டார். "உங்களுக்கு எல்லாமே ஒரு படி காரமாத் தெரியுதுங்க, ஏன்னு தெரியலீங்களே" என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் நல்ல மனிதர். பாஸ் செய்த பிறகும் எனக்காக பாட்டில் பிரித்தார். சர்ச்சில் எல்லோரும் என் கையைப் பிடித்து, கர்த்தர் வேறு வாசலைத் திறப்பார் என்றார்கள். எனக்கு இந்த வாசல்தான் வேண்டியிருந்தது.

மறுபடி ஆறு மாதம், மறுபடி செவ்வாய்க்கிழமைகள். இரண்டாவது தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு திங்கள் மத்தியானம் வேலைக்குப் போகும் வழியில் அம்பத்தூரில் இறங்கினேன். அதுவரை அவர் புட்டிகளை அடைத்துத் தருவார், நான் ஸ்டேஷனிலேயே வாங்கிக்கொண்டு ஓடிவிடுவேன். அன்று அவர் வீட்டிலேயே ஒரு சிவப்பு ஒயினைத் திறந்து, "நீங்களும் ஒரு வாய் பாருங்க" என்று கொடுத்தார். தொண்டை எரிந்தது. துவர்ப்பில் ஈறு இழுத்தது. என் பங்கை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மறுநாள் காலை அம்மா ஊற்றிய ஆறில் நாலாவதாக அது வந்தது. வாசனையில் பிடித்துவிட்டேன். ஆனால் வாயில் வைத்தால் சாதுவாக இருந்தது. எரிச்சல் இல்லை, இழுப்பு இல்லை.

ஹோட்டலில் தினமும் ஒயினைத் தொடுகிறவளுக்கு இது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். ஹோட்டலில் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க நின்றபடி ஒரு சொட்டு வாயில் வைப்பதோடு சரி. லேபிள் கண் முன்னால் இருக்கும். அளந்து பார்ப்பதெல்லாம் வீட்டில்தான்.

புட்டிதான் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன். எழுந்துபோய் எடுத்துப் பார்த்தேன். நூறு மில்லி புட்டியில் ஐம்பது ஊற்றினால் பாதி இருக்க வேண்டும். பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அடுத்த புட்டியைப் பார்த்தேன். அதிலும் அதே உயரம். ஆறையும் வரிசையாக நிறுத்தினேன். கோடு போட்ட மாதிரி எல்லாம் ஒரே அளவு.

"யம்மா, இதுல எவ்ளோ ஊத்துன?"

அம்மா பீன்ஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாப்பத்தஞ்சு."

"அம்பது இல்ல சொன்னேன்?"

"மீதி அஞ்சு தண்ணி."

"இன்னாது?"

"ஒரு ஸ்பூனு தண்ணி. காய்ச்சி ஆற வெச்ச தண்ணிதான், பயப்படாத."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்துதான். இன்னாடி இப்டி பாக்கற? ராவா எப்டி குடுப்பேன் உனக்கு?"

ரா என்றால் தண்ணீர் கலக்காமல் குடிப்பது. எங்கள் பக்கத்தில் குடியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்குக்கூட இது ஒன்று தெரியும்: ராவாகக் குடித்தால் குடல் வெந்துவிடும். அப்பா ராவாகத்தான் குடிப்பார், கடை வாசலில் நின்றபடியே. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏதேதோ சொன்னதில் அம்மா பிடித்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். பிராந்தியும் ஒயினும் ஒன்றில்லை என்று நான் ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. அவள் கையில் அளவு மூடியைக் கொடுத்தேன், அவள் தனக்குத் தெரிந்த விதத்தில் என்னைக் காப்பாற்றினாள்.

இந்த நியாயமெல்லாம் இப்போது எழுதும்போது வருகிறது. அன்று எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். ஒரு வருஷம். ஐம்பதுக்கு ஐந்து என்றால் பத்தில் ஒரு பங்கு தண்ணீர். பதினாலரை பதின்மூன்றாகிவிடும். அந்தப் பதின்மூன்றைத்தான் பதினாலரை என்று தொண்டைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெங்களூரில் நிஜமான பதின்மூன்று வந்தபோது அது தீயாகத் தெரியாமல் என்ன செய்யும்? கத்தினேன். என் வேலையைக் கெடுத்தாய் என்றேன். எனக்காகச் சபையையே நிற்க வைத்து ஜெபித்துவிட்டு வீட்டில் தண்ணீர் கலந்தாயே என்றேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மேசையைத் தட்டியதில் ஒரு கிளாஸ் உடைந்தது.

அம்மா பீன்ஸ் தட்டைக் கீழே வைத்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"உங்கப்பாவுக்கும் கலந்து பாத்துகீறேன். ஒரே ஒரு ஸ்பூனு. வாயில வெச்ச ஒடனே கண்டுபுடிச்சிடுவாரு. டம்ளரு செவுத்துல போயி அடிக்கும். அப்பறம் எனக்கு. நீ ஒரு வருசமா வாயில வெக்கிற. ஒரு நாளாவது கண்டுபுடிச்சியா?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"இல்ல இல்ல? அதான் எனக்கு நிம்மதியா இருந்திச்சு. இவளுக்கு அந்த நாக்கு வரலன்னு. ஒவ்வொரு வாரமும் அதப் பாத்துகினுதான் உக்காந்திருந்தேன்."

பன்னிரண்டு வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவளுக்குத் தண்ணீர் கலந்தது தெரியவில்லை. அதை எதிரே உட்கார்ந்து ஒருத்தி வாரா வாரம் பரிசோதித்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். தேர்வில் தோற்றதைவிட இது எனக்கு வலித்தது. எது வலித்தது என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உடைந்த கிளாஸைக்கூட எடுக்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க சாப்பாடு, சாவி, கேஸ் சிலிண்டர் தவிர வேறு பேச்சு இல்லை. கோயம்புத்தூர்க்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "அப்ப உங்க நாக்குல ஒண்ணும் கோளாறில்லீங்க, அளவுகோல்தான் சின்னதாப் போச்சு" என்றார். தினமும் வேலைக்குப் போகும் வழியில் அவர் வீட்டில் இறங்கினேன். அவர் மனைவி ஊற்றி வைப்பார். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு, பதினாலரை என்று நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். வேண்டுமென்றே ஒன்றில் மட்டும் தண்ணீர் கலக்கச் சொல்லி அதையும் கண்டுபிடிக்கப் பழகினேன். முதலில் தவறியது. ஒரு வாரத்தில் தவறாமல் வந்தது.

அடுத்த செவ்வாய் நான் அம்மாவைக் கேட்கவில்லை. பத்து மணிக்கு அறையிலிருந்து வந்தபோது மேசையில் ஐந்து கிளாஸும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் வரிசையாக இருந்தன. பக்கத்தில் மடித்த தாள்.

"கலக்கல" என்றாள். அவ்வளவுதான். எதிரே உட்காரவில்லை. பின்பக்கம் போய்த் துணி துவைக்க ஆரம்பித்தாள். மெஷின் இருக்கும்போது கையால் துவைத்தாள். அடித்த அடி பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். நான் எழுதி முடிக்கும்வரை அவள் உள்ளே வரவில்லை. முழுங்கினியா என்று அதன் பிறகு அவள் ஒருதரம்கூடக் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை சபையில் எனக்காக யாரும் எழுந்து நிற்கவில்லை. அம்மா ஜெப விண்ணப்பம் கொடுக்கவில்லை. பெங்களூரில் இந்தத் தடவை என் வாய் அமைதியாக இருந்தது. முதல் கிளாஸ் நடுத்தரம். இரண்டாவது நடுத்தரம். மூன்றாவது அதிகம், சந்தேகமே இல்லை. ஒவ்வொரு ஊரையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து, எதிர்க்கடையில் இரண்டு காபி குடித்தேன்.

முடிவு வந்தது ஒரு செவ்வாய் மத்தியானம், ஆவடியில் ஷேர் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தபோது. பக்கத்தில் இருந்த பெண்மணி என் முகத்தைப் பார்த்து, "நல்ல சேதியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேனேஜருக்கு ஒரு வரி அனுப்பினேன். வீட்டுக்கு ஓடாத குறையாகப் போனேன். அம்மா சமையலறையில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"பாஸு."

கரண்டி நின்றது. "முழுசாவா?"

"முழுசா. இடம் எனக்குத்தான். மும்பைலேர்ந்து யாரும் வரப்போறதில்ல."

அம்மா சிரித்தாள். என் கன்னத்தைத் தொட்டாள், விரலில் மசாலா. அப்புறம் கேட்டாள்.

"அப்ப இனிமே கலந்தா உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு ஸ்பூனுகூட?"

"அர ஸ்பூனு கலந்தாலும் தெரியும்மா. வாயில வெச்ச ஒடனே சொல்லிடுவேன்."

பெருமையாகத்தான் சொன்னேன். கொஞ்சம் குத்திக் காட்டவும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு அங்கேயே இருந்தது, அதற்குப் பின்னால் எதுவும் இல்லை.

அடுப்பை அணைத்தாள். நல்ல செய்தி வந்தால் அந்த இடத்திலேயே முழங்காலில் நிற்பது எங்கள் வீட்டு வழக்கம். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். நானும் பக்கத்தில் மண்டியிட்டேன். என்னிடம் நேராகச் சொல்ல முடியாததை எல்லாம் அம்மா ஜெபத்தில்தான் சொல்வாள், நான் கேட்கும்படி சத்தமாக.

"ஸ்தோத்திரம் ஏசப்பா. என் புள்ளைய வெக்கப்பட வுடாம கரையேத்தினீரே, ஸ்தோத்திரம். அவ பட்ட கஷ்டத்துக்குப் பலன் குடுத்தீரே, ஸ்தோத்திரம்."

முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அவரு நாக்க இவளுக்குக் குடுத்துட்டீரு ஆண்டவரே. உம்ம சித்தம். அந்தத் தாகத்த மட்டும் குடுத்துடாதேயும்."

ஆமென் சொல்லாமல் முந்தானைக்குள் குனிந்துவிட்டாள். நான்தான் சொன்னேன்.